துண்டு போட்ட தெருக்கள்

நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், சரியாக மூடாத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளை எல்லாரும் குழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு குழிகூட வெட்டியதில்லை. யார், எந்தத் தெருவை, எப்போது வெட்டலாம் என்று கணினி வரைபடத்தில் குறித்து வைப்பது அவள் வேலை. ஒரு இடத்துக்குப் போகும் எல்லா வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிடக் கூடாது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அனுமதி வாங்கிய தெரு வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும்; சிவந்த தெருவை வேறு யாரும் வெட்ட முடியாது. இது தெரிந்த நாளிலிருந்து குடிநீர்க்காரர்களும் கேபிள்காரர்களும், பேருந்து சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, கண்ணில் பட்ட தெருவையெல்லாம் பிடித்து வைத்தார்கள். பாதி ஊர் சிவப்பு. எது நிஜக் குழி, எது வெறும் துண்டு என்று தினமும் போன் போட்டுக் கேட்டே அவளுக்குத் தொண்டை கட்டியது. வீட்டுக்காரர் "இன்னிக்கு எங்க அடைப்பு?" என்று சிரித்தால்கூட எரிச்சல் வந்தது. போன வாரம் சலித்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை தீயணைப்பு நிலைய அதிகாரி கூப்பிட்டார்.

"ஏம்மா, எங்களுக்கு வெளிய போக ரெண்டே வழி. இந்தப் பக்கம் தண்ணிக்காரன் தோண்டுறான், அந்தப் பக்கம் கேபிள்காரன் தோண்டுறான். எங்கயாவது தீப்பிடிச்சா வண்டியைத் தலையில தூக்கிட்டுப் போகவா?"

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். இரண்டுமே மாதக்கணக்கில் சும்மா சிவந்து கிடந்த தெருக்கள்; வெறும் துண்டுதான் என்று அவளே விட்டுவைத்திருந்தாள்.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனாள். குடிநீர்ப் பொறியாளர் பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அனுமதி இருக்கு மேடம். நீங்கதான் குடுத்தீங்க."

"குடுத்து எத்தனை மாசம் ஆச்சு சார். இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"குழாயைக் கழட்டியாச்சு, இப்ப மூட முடியாது. அவங்களை மூடச் சொல்லுங்க."

நிலையத்தின் அந்தப் பக்கத்துத் தெருவில் கேபிள் ஒப்பந்தக்காரன் தலையைச் சொறிந்தான். "கேபிள் இன்னும் வரலைக்கா."

"கேபிளே வராம எதுக்குய்யா வெட்டின?"

"தண்ணிக்காரங்க முந்திக்கிட்டா அப்புறம் எங்களை விடமாட்டாங்கல்ல. அதான் இடம் பிடிச்சு வெச்சேன்."

குழியையே துண்டாகப் போட்டிருக்கிறான். "இப்பவே மூடு" என்றாள். அவன் ஆட்கள் மண்ணைத் தள்ளி, மேலே இரும்புத் தகடு போட்டு, தீயணைப்பு வண்டி ஒன்று அதில் ஏறி இறங்கிக் காட்டும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அறைக்குத் திரும்பியதும், வேலை ஆரம்பித்துவிட்டதாகத் தகவல் வராத அனுமதிகளை ஒன்றுவிடாமல் ரத்து செய்தாள். வரைபடம் வெளுத்தது. மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் சண்டைக்கு வருவாங்களேம்மா."

"வரட்டும் சார். வர்றவங்களாவது நிஜமா வெட்டுறவங்கன்னு தெரியும்."

முதல் போன் குடிநீர்ப் பொறியாளருடையது.

"மேடம், நான் பள்ளத்துக்குள்ள நிக்கிறேன். இந்தத் தெருவையும் சேத்து ரத்து பண்ணிட்டீங்க."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஆரம்பிச்சதை நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே சார்."

"அதான் நேர்ல வந்து பாத்தீங்களே."