யாரோடும் சாப்பிடாதவரின் பதில்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, வட்டகொடையில் ரயிலைவிட்டு இறங்கி தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு நடந்தேன். எடை குறைய ஆப்பரேசன் செய்துகொண்டவர்கள் அதன்பின் எப்படி வாழ்கிறார்கள் என்று அறியும் ஓர் ஆய்வில், வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலை எனக்கு. மழை விட்ட மலை, ஈரம் சொட்டும் தேயிலை, பனிக்குள் எங்கோ ஒரு வானொலி. ஓரிடத்தில் நிற்காத என் கால்களுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

நான் தேடிப்போனவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பெண். வயிற்றைச் சிறிதாக்கி ஒரு வருடம். படி ஏறுகிறாரா? ஏறுகிறார். முழங்கால் வலி? போயே போய்விட்டது. மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதில் சிரமம் உண்டா?

"ஒரு சிரமமும் இல்லீங்க மிஸ்."

சந்தோஷமாக 'இல்லை' என்று குறித்தேன். எல்லாம் நலம் என்று தாள் சொல்லிவிட்டால் கிளினிக்கில் அவரை இனி அடிக்கடி கூப்பிடமாட்டார்கள், ஆலோசகரிடமும் அனுப்பமாட்டார்கள்.

அப்போது பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஓர் அக்கா ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து என் முன்னால் மட்டும் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க மிஸ். அவங்களுக்கு நம்ம வீட்டுச் சாப்பாடெல்லாம் இப்ப புடிக்காது. பெக்டரியிலயும் எங்களோட சேராமத் தனியாத்தான்."

அந்தத் தொழிற்சாலையில் பகல் சாப்பாட்டுக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கறியை மற்றவர் சாப்பாட்டுப் பெட்டியில் அள்ளிப் போடுவார்கள். போட்டதை மிச்சம் வைத்தால், போட்டவளின் முகம் சுண்டிவிடும்.

அந்தப் பெண் ரொட்டித் தட்டைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "நாலு வாய்க்கு மேல எறங்காதுங்க. மீறினா வாந்தி. ஒங்க மனசெல்லாம் நோகக்கூடாதுன்னுதான் அக்கா, மிசினுக்குப் பின்னால போயிடுறேன். முன்னாடி நாந்தானே நடுவுல இருந்து எல்லார் பெட்டியையும் ஒரு கை பாப்பேன்." சிரிக்கப் போனவர், பாதியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. யாரோடும் சாப்பிடாதவருக்குச் சேர்ந்து சாப்பிடுவதில் என்ன சிரமம்? அடுத்த கேள்வியைக் கேட்காதது நான்தான்.

பயிற்சியில் தந்த குறிப்பைப் பிரித்தேன். பல நாடுகளில் இதே ஆப்பரேசன் செய்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். உடம்பு இலேசான பிறகும் நாலு பேரோடு சாப்பிட உட்காருவது சிலருக்குப் பாரமாகவே இருக்கிறது என்று அதில் இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"அப்ப எனக்கு மட்டும் இல்லீங்களா?"

அக்கா ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்தார். "சொல்லித் தொலைச்சிருந்தா நாங்க என்ன அடிக்கவா போறோம்? இந்தா. இது கூடுதலா? இன்னும் சின்னதாப் பிய்க்கவா?"

அவர் வாங்கி மெதுவாக மென்றார். நான் அவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு 'இல்லை'யைக் கோடிட்டு அடித்தேன். 'மிகவும் சிரமம்' என்று மாற்றி, ஓரத்தில் காரணத்தையும் எழுதினேன்.

அதன்பின் எத்தனையோ தாள்கள் நிரப்பிவிட்டேன். ஆனால் ஒருவர் நலமாயிருக்கிறேன் என்று சொல்லும்போது, அந்த நலத்துக்காக எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார் என்று கேட்காமல் என் பேனா இன்றுவரை அடுத்த வரிக்கு நகர்வதில்லை.