ஞானசேகரன் வண்டியின் கறுப்பு மூடி

சுடலைக்கண்ணனுக்குக் குமட்டாத பொருள் தாராவியில் குறைவு. கார்களுக்கு மின்சார வேலை பார்க்கிறவர். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரு ஷட்டர் கடை. கையில் படும் கிரீஸ் அவருக்கு அழுக்கே இல்லை. மனிதர்கள் வண்டிக்குள் விட்டுவைத்துப் போகிறார்களே, அதுதான் அழுக்கு. கதவுப் பையில் ஊறிக் கிடக்கும் வடாபாவ் காகிதம், சீட்டுக்கடியில் குழந்தை கக்கிய பால், கால் மிதியில் காய்ந்த பான் எச்சில். பானட்டைத் திறக்குமுன் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிவிடுவார். டீக்கடை கிளாஸில் வாய் வைக்க மாட்டார். வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் வரும். ஊற்றும்போது கெட்டிலின் மூக்கு டம்ளரில் பட்டுவிட்டால் அந்த டீ சாக்கடைக்குத்தான்.

வண்டிக்காரரைத் திட்டாமல் அவர் வேலையைத் தொடங்கியது கிடையாது. "மனுசன் ஏறுத வண்டியாவே இது" என்பதுதான் அவர் சொல்லும் வணக்கம். அப்படியிருந்தும் செம்பூரிலிருந்து சர்ச் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். வாய் கெட்டது, கை சுத்தம். பழுதாகாத சாமானைக் கழற்ற மாட்டார் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் ஞானசேகரன். நாசரேத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றெட்டில் வாங்கிய சின்ன வெள்ளைக் காரை இன்னும் தாமே ஓட்டுகிறார்.

இந்த மழைக்காலத்தில் அந்தக் கார் மக்கர் செய்தது. வெயிலடித்தால் ஒழுங்காக ஓடும். மழை பிடித்தால் இருமும், குலுங்கும், சிக்னலில் நின்றுவிடும். சுடலைக்கண்ணன் முதலில் பிளக்குகளை மாற்றினார். அடுத்த மழையில் மறுபடி நின்றது. பிளக்குக்குக் கரண்டை ஏற்றிவிடும் காயிலை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஞானசேகரனும் மனைவி சேசம்மாளும் ஏறி உட்கார, வண்டி சர்ச் வாசலைத் தாண்டவில்லை. சபையே குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்தது.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார் ஞானசேகரன்.

"தம்பி, இதுதான் கடைசி. இன்னொரு தடவ நின்னா மருமவன் ஜாபெஸ் சொல்லுத சர்வீஸ் சென்டருக்குப் போயிரும். சர்ச்சுல எல்லாரும் கேக்காவ, ஒம்ம சுடலையும் இப்ப நல்ல சாமானக் கழத்த ஆரம்பிச்சிட்டானான்னு."

சுடலைக்கண்ணனுக்கு அது நெஞ்சில் தைத்தது. கழற்றிய பிளக்குகளிலும் காயிலிலும் பழுதில்லை என்பது இப்போது அவருக்கே தெரியும். இருபது வருஷமாகக் காப்பாற்றிய பேர் ஒரு மழைக்காலத்தில் போகப்பார்க்கிறது. அந்த எரிச்சலை வண்டிமேல் காட்டினார்.

"தப்பு எம்மேல இல்ல அண்ணாச்சி. வாதாம் மரத்தடியில விடுதிய. காக்கா மேல இருந்து பேளுது, எலி உள்ள இருந்து பேளுது. இத நான் எந்தக் கையால தொட?"

"எலிக்கு என்மேல பிரியம் தம்பி. வாடக இல்லாம வேற யாரு எடம் குடுப்பா?"

"சிரிங்க. நல்லா சிரிங்க. சாயங்காலம் வாங்க."

பானட்டுக்குள் நிஜமாகவே எலிக்கூடு இருந்தது. ஆரஞ்சுத் தோல், நாப்கின் பஞ்சு, முடிக்கற்றை, எல்லாம் மூத்திரத்தில் ஊறி ஒரே பந்தாகக் கிடந்தது. குச்சியால் தள்ளி எடுத்துச் சாக்கடையில் போட்டார். இதுதான் காரணம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார். ஒயர்களை வரிசையாக விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றிலும் பல் படவில்லை. எலி நிரபராதி. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

வண்டியின் வால் சந்தில் இருக்க, ஷட்டரைப் பாதி இறக்கிக் கடையை இருட்டாக்கினார். மழை வெளியே இருப்பதால் உள்ளேயும் மழை வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, இஸ்திரிக்காரரிடம் வாங்கிய ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் தெளித்தார். காயில், ஒன்றுமில்லை. பிளக் ஒயர், ஒன்றுமில்லை. கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர் கேப். காயிலிலிருந்து வரும் கரண்டை முறைப்படி நாலு பிளக்குக்கும் பிரித்தனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் தலையில் நடுவே ஒன்றும் சுற்றி நாலுமாக ஐந்து கொம்புகளோடு கவிழ்ந்திருக்கும் கறுப்பு மூடிதான் கேப். அதில் தண்ணீர் பட்டதும் நடுக்கொம்பிலிருந்து ஓரக்கொம்புக்கு நீலமாக ஒரு பூரான் ஊர்ந்தது. எஞ்சின் இருமியது.

நிறுத்திவிட்டுக் கிளிப்பைத் தளர்த்தி, கேப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கொம்புகளுக்கிடையே தலைமுடி போலக் கரிந்த கோடு. கரண்டு பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியே திருட்டுத்தனமாக ஓடியிருக்கிறது. கோட்டைச் சுற்றிலும் பழுப்பாக ஒரு பொருக்கு. எலியின் அசிங்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். பிளக் மாற்றியபோதும் காயில் மாற்றியபோதும் அது கண்ணில் பட்டது. தொட அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது நகத்தால் சுரண்டினார். அடியில் மஞ்சள். அதற்கும் அடியில் சிவப்பு. துண்டை இறக்கி மோந்து பார்த்தார்.

மதியச் சோற்றோடு மனைவி பேராச்சி வந்தபோது கேப்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னது இது?"

"குப்ப கச்ராவ எதுக்கு எம்மூஞ்சில நீட்டுதிய?"

"மோந்து பாரு."

அவள் மோந்தாள். "சந்தனம்லா."

"ஆயுத பூசைக்கு இந்த வண்டிக்குப் பொட்டு வைக்காதன்னு சொன்னேனா இல்லியா? பூசை சமயத்துல சர்வீசுக்கு வந்து நிக்கிற வேதக்காரவ வண்டி, சர்ச்சுக்குப் போறவிய சங்கடப்படுவாவன்னு."

"வெளிய வைக்காதன்னிய. வெளிய வைக்கல. சோறு போடுத வண்டி, எல்லாத்துக்கும் வச்சிட்டு இத மட்டும் மூளியா விடச் சொல்லுதியளா? உள்ள கறுப்பா, சாமி கிரீடம் மாதிரி இருந்துச்சி. வருசா வருசம் அதுக்குத்தான் வைக்கேன்."

"வருசா வருசமா. ஈரச் சந்தனமும் குங்குமமும். கரண்டு ஓடுத சாமான் தலையில."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான மெக்கானிக்கு. மூக்கப் பொத்திக்கிட்டுப் பாத்தா சந்தனமும் பீ மாதிரிதான் தெரியும்."

சுடலைக்கண்ணன் சோற்றைத் தொடவில்லை. ஊரான் அழுக்கு என்று ஒதுங்கிய அழுக்கு, தன் வீட்டுச் சம்புடத்திலிருந்து போனது. கை கழுவினார்; வாசனை போகவில்லை. திரும்பவும் கழுவினார்.

குர்லாவில் ஹமீதின் ஸ்பேர் கடைக்குப் போய்க் கேப்பும், அதற்குள் சுழலும் ரோட்டரும் கேட்டார். "டுப்ளிகேட்டும் இருக்கு, பாக்குறீங்களா?" என்று வம்புக்காக ஒன்றை எடுத்து வைத்தார் ஹமீது. அதன் உள்முனைகளில் பித்தளை முலாம் பூசிய தகரம். பிளாஸ்டிக் நாற்றம் தூக்கியது. "இத விக்கிறவன் இருக்கானே," என்று தொடங்கிய சுடலைக்கண்ணன், ஏனோ பாதியில் நிறுத்தி அசலை வாங்கிக்கொண்டு வந்தார். ஒயர்களைப் பழைய கேப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, புதியதில் அதே இடத்தில் செருகினார். வரிசை மாறினால் எஞ்சின் வெடிபோடும். பழைய காயிலையே திரும்ப மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டில் தண்ணீர் முழுவதையும் கேப்மேல் கொட்டியும் அது இருமவில்லை.

சாயங்காலம் ஞானசேகரன் வரும்போது பேராச்சி மெதுவாகச் சொன்னாள்: "மூடி பழசாயிட்டுன்னு சொல்லிருங்க. அதும் நெசந்தான."

அப்படிச் சொன்னால் கேள்வி வராது. பேரும் தப்பும். ஆனால் அந்தச் சொல்லை வாயில் எடுத்தபோது, ஊசிப்போன குழம்பை ருசி பார்த்தது போலிருந்தது. பழைய கேப்பை ஒரு காகிதத்தில் வைத்து ஞானசேகரன் முன் தள்ளினார்.

"எலி இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுச் சந்தனம். பூசைக்கு ஒளிச்சு வச்ச பொட்டு. அதுல ஈரம் ஏறிக் கரண்டு ஒழுகிருக்கு. ரெண்டு தடவ கண்ணுல பட்டும் நான் தொடல."

ஞானசேகரன் கேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பொட்டு எனக்குத் தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"வருசா வருசம் தெரியும். ஆயில் பாக்கப் பானட்டத் தொறப்பேன்லா. அந்தப் புள்ள ஆசையா வைக்கி, வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல? சேசம்மா பாத்தா கேள்வி கேப்பா. அதனால போற வழியில நிறுத்தி, கர்ச்சீப்ப நனைச்சுத் தொடச்சிருவேன்."

சுடலைக்கண்ணன் பொருக்கை மறுபடி பார்த்தார். ஒரு பொட்டு எப்படிக் கொம்புக்குக் கொம்பு பரவியது என்பது இப்போது புரிந்தது.

"தொடைக்கல அண்ணாச்சி. மெழுகிருக்கிய. எந்தக் கர்ச்சீப்பு?"

"இதுதான், மூக்கு சிந்துதது."

சுடலைக்கண்ணன் எழுந்து சாக்கடைப் பக்கம் போய், காறித் துப்பிவிட்டு வந்தார். பேராச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"சர்ச்சுல என்ன சொல்ல? எலின்னு சொல்லிரட்டா?" என்றார் ஞானசேகரன்.

"அது செய்யாததுக்கு அத ஏன் இழுக்கிய? உள்ளதச் சொல்லுங்க. கர்ச்சீப்பையும் சேத்து."

ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் கொட்டியது. வண்டி போய் வந்தது. சர்ச் வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் ஞானசேகரன் சந்தனத்தையும் கர்ச்சீப்பையும் விடாமல் சொன்னார். சேசம்மாள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரமே சர்ச்சிலிருந்து இன்னொரு பழைய கார் வந்தது. பின்சீட்டில் பாதி தின்ற மீன் கட்லெட்டில் பூசணம் பூத்திருந்தது. "மனுசன் ஏறுத வண்டியாவே இது" என்றார் சுடலைக்கண்ணன். பானட்டைத் தூக்கினார். துண்டு தோளில் கிடக்க, அப்படியே குனிந்து, கேப்பிலிருந்து பேட்டரி வரைக்கும் நிதானமாக மோந்து பார்த்தார். எலி மூத்திரம், பழைய ஆயில், அழுகின இலை. கண்ணில் நீர் வந்தது. எல்லாவற்றையும் மோந்து முடித்த பிறகுதான் துண்டைக் கட்டினார்.