கபீர் அண்ணன் மேல் மூன்று புகார்கள்

கார் பட்டறையில் வண்டிக்கு வரும் கோளாறைவிட மெக்கானிக்குக்கு வரும் பழிதான் அதிகம். இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் மெக்கானிக் கபீர் அண்ணன் மேல் மூன்று பழி விழுந்தது. மூன்றிலும் அவர் மேல் தப்பில்லை. மூன்றாவதில் வேலையே போகப் பார்த்தது.

நான் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி. லீவு நாட்களில் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுப் பட்டறை ஒன்றில் ஜாப் கார்டு எழுதுகிறேன். அதாவது, வண்டிக்காரர் சொல்லும் குறையை எழுதிக்கொண்டு, கூடவே திட்டையும் வாங்கிக்கொள்கிறேன். முன் மேஜையில் உட்கார்ந்து பிழைக்கும் எல்லோருக்கும் இந்த வலி தெரியும்.

வெள்ளைத் தூள்

சண்முகம் சார், வீடுகளில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார். வேன் இழுக்கவில்லை, பெட்ரோலை மட்டும் குடிக்கிறது என்று கொண்டுவந்தார். கபீர் அண்ணன் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டு தட்டினார். கோலமாவு கொட்டியதுபோல் வெள்ளையாக உதிர்ந்தது. அரைத்த மண் பறக்கும் யூனிட் வாசலிலேயே நாளெல்லாம் வண்டி நின்றால் இன்ஜின் எதைத்தான் மூச்சாக இழுக்கும்? மற்றவர்கள் சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்க்கிற ஃபில்டரை அவர் மாதாமாதம் தட்டிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் விளக்கினேன். கொஞ்சம் நீளமாகவே விளக்கினேன். அவர் தூளை விரலில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார்.

"மண்ணு எங்க மண்ணுதாம்மா. அத என் யூனிட்லேர்ந்து எடுத்தாந்து இதுல தடவுனது யாருன்னுதான் கேக்குறேன்."

அவர் போனதும் முதலாளி கபீர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"இது ஒண்ணு கபீரு. மூணு புகார் வந்துச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்க."

நெயில் பாலிஷ்

நல்லூர் டீச்சரம்மாவின் கார், பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று கத்தியது. வண்டியை விட்டுப் போகும்போதே எச்சரித்தார்: டயர், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாவற்றிலும் சிவப்பு நெயில் பாலிஷில் அடையாளம் வைத்திருக்கிறாராம், மாற்றினால் தெரிந்துவிடுமாம். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடு முழுக்கத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. பேடு தேய ஆரம்பித்தபோதே வண்டி கத்திச் சொல்லியிருக்கிறது. டீச்சரம்மா பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

புதுப் பேடு போட்டு, பழசைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தோம். அவர் காரைச் சுற்றிவந்து அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நேராக முதலாளியிடம் போனார்.

"நெயில் பாலிஷ் வச்சதெல்லாம் அப்படியே இருக்குது. அப்ப, வைக்காத எதையோதான் எடுத்திருக்காங்க. இன்னான்னு கண்டுபுடிச்சிட்டு வரேன் சார்."

டப்பாவுக்குள்

சர்வீஸ் முடிந்த மூன்றாம் வாரம் சண்முகம் சார் வேனோடு மறுபடி வந்தார். இறங்கும்போதே கத்தல். "வண்டிக்குள்ள கருகுற வாடை! நல்ல ஒயர உருவிட்டு டூப்ளிகேட் ஒயர் போட்டிருக்கான் ஒங்க ஆளு!" முதலாளி விசாரிக்கவேயில்லை. ஸ்பேனரை வைத்துவிட்டுப் போ, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பதினோரு வருஷம் வேலை செய்தவரிடம் சொல்லிவிட்டார். கபீர் அண்ணன் கை கழுவப் போனார்.

வெட்கத்தோடு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அவர் அந்தப் பக்கம் போன நேரத்தில் அவருடைய டூல் டப்பாவைத் திறந்து, உருவின ஒயர் இருக்கிறதா என்று தேடினேன். ஸ்பேனர்கள், இன்சுலேஷன் டேப், சாப்பாட்டுத் தூக்கு. அவ்வளவுதான். நிமிர்ந்தால் ஈரக் கையோடு பின்னால் நிற்கிறார்.

"தேடி முடிச்சிட்டியா பாப்பா? மூடி வச்சிடு. சோத்துல தூசி படும்."

உருகாத ஃபியூஸ்

அந்த வெட்கம் முழுக்கக் கோபமாகி சண்முகம் சார் பக்கம் திரும்பியது. "வாடை எப்ப வருது சார்?" என்றேன். "எப்பவுந்தான்" என்றார். எப்பவும் என்று ஒரு கோளாறு கிடையாது. எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி கண்டுபிடித்த மாதிரி. பக்கத்து சீட்டில் ஏறிக் கடைத்தெரு வரைக்கும் போகச் சொன்னேன். ஒரு பள்ளத்தில் குலுங்கினபடியே ஹாரன் அடித்தார். குப்பென்று வாடை அடித்தது. உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். கருகுகிற வாடை வந்தால் ஓட்டிக்கொண்டே யோசிக்கக் கூடாது. வேனைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டுதான் வந்தோம்.

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே எது எதற்கு என்று படம் இருந்தது. ஹாரனுக்கான இடத்தில் இருந்த ஃபியூஸின் இரண்டு காலையும் சேர்த்துத் தடிமனான செப்புக் கம்பி சுற்றியிருந்தது. பக்கத்து பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது.

"இது யாரு சுத்துனது சார்?"

"நாந்தான்! சர்வீஸுக்கப்புறம் ரெண்டு தரம் ஃபியூஸ் போயிடுச்சு. கம்பி சுத்துறதுக்கு எனக்கே சொல்லித்தரியாம்மா? இந்த ஊரு ஃபியூஸ் கேரியர் மாட்டாத வூடு இருக்குதா?"

"வூட்டு ஃபியூஸுலயும் கம்பி உருகணும்னுதான சார் மெல்லிசா சுத்துறோம்?"

"இது உருகிக்கிட்டே இருக்குது. அதான் உருகாத மாதிரி போட்டேன்."

ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். திரும்பத் திரும்ப ஃபியூஸ் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். தேட வேண்டியது அதை. வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட கபீர் அண்ணன்தான் குனிந்து தேடினார். ஹாரன் ஒயர் தகட்டு விளிம்பில் உரசித் தோல் உரிந்திருந்தது. ஒயரை மாற்றி, விளிம்பில் படாமல் கட்டி, சரியான ஆம்பியர் ஃபியூஸைச் சொருகினார். ஹாரன் அடித்தது. வாடை இல்லை.

நான் விடவில்லை. "அண்ணங்கிட்ட மன்னிப்பு கேளுங்க சார்" என்றேன். முதலாளி தரையைப் பார்த்தார். சண்முகம் சார் கருகின கம்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

மன்னிப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்த அந்த மனிதர் கடைசியில் முதலாளியைப் பார்த்துச் சொன்னார்:

"கபீர அனுப்பிடாதீங்க. இனிமே என் வண்டிய இவரத் தவிர யாரும் தொடக் கூடாது. தொடறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்."