மெல்போர்னுக்கு ஆலங்குடி பஸ்ஸில் ஒரு பயிற்சி

இன்று காலை ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"ஏம்மா, திருச்சியிலேர்ந்து மெல்போர்னுக்கு எம்புட்டு நேரம்னு போன்ல பாத்துச் சொல்றீங்களா?"

பார்த்தேன். "சுமார் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்ங்க. சிங்கப்பூர்ல மாறணும். பறக்குற நேரம் மட்டும் பன்னெண்டு மணி நேரம்."

அடுத்த மாதம் அங்கே மகளுக்குப் பிரசவமாம். உதவிக்கு இவர் தனியாகப் போகிறார். ஆனால் பஸ் ஏறினாலே இவருக்கு வாந்தி.

"பஸ்ஸுக்கே தாங்க மாட்ட, பிளேன்ல என்ன பண்ணுவன்னு மகன் வேணாங்குறான். அதான் பத்து நாளா தெனமும் இதுல போயிப் பழகுறேன்."

"இப்ப பரவாயில்லைங்களா?"

"நேத்து ஒரு தடவதான்."

பாதி வழியில் அவர் முகம் வெளுத்தது. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எறங்கிருவோமா?" என்றேன். தலையசைத்து மறுத்துவிட்டார்.

புதுக்கோட்டை வந்தது. வாந்தி வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, "நாளையிலேர்ந்து ரெண்டு நடை" என்று சொல்லி, ஆலங்குடி திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வாந்திக்குப் பயந்து கொடைக்கானல் டூரை மூன்று முறை விட்டவள் நான். நீங்கள் விட்ட ஊர் எது? வெட்கப்படாமல் சொல்லுங்கள்.