தாழிட்ட அறையில் வர்ணம்

கொட்டாரம் ஊரில் ஒரு மாப்பிள்ளை வீடு. உள்கதவுகளுக்கும் நிலைகளுக்கும் வர்ணம் அடிக்க நானும் என் மைத்துனன் தாசனும் போனோம். கல்யாணத்துக்கு இரண்டே நாள். எண்ணெய் வர்ணம் காயாது என்று, பம்பால் அடிக்கும், சட்டென உலரும் வர்ணத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஆனிக் காற்று மண்ணை வாரி இறைத்தது. ஈர வர்ணத்தில் மண் ஒட்டாதிருக்க, தாசன் ஓர் அறையின் ஜன்னல்களை அடைத்து, கதவையும் உள்ளே தாழிட்டுக்கொண்டு அடித்தான்.

"ஏலே, வர்ண நெடியில மூச்சு முட்டும். தொற," என்றேன்.

"சும்மா இரும் அத்தான். மண்ணு அப்புன கதவுன்னு பொண்ணு வீட்டுக்காரங்க சிரிப்பாவ."

பிறகு பம்புச் சத்தம் நின்றது. கூப்பிட்டேன்; பதில் இல்லை. தோளால் முட்டினேன். அயனி மரக் கதவு அசையவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கத்துவதைத் தவிர என்னால் ஒன்றும் முடியவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கித் தாழை நீக்கினார்.

முற்றத்தில் கிடத்தினோம். வெகுநேரம் காற்றுப்பட்ட பிறகே தாசன் கண் திறந்தான்.

"அத்தான், ஈரக் கதவுல கை வச்சிட்டீரா?" என்றான்.

இப்போது எந்த வீட்டிலும் கதவைத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அடிக்கிறோம். மண் ஒட்டத்தான் செய்கிறது. காய்ந்தபின் தேய்த்துவிட்டு மறுபடியும் அடிக்கிறோம்.