விருத்தாசலத்துக் களிமண்ணில் ஒரு கடலடிச் சரிவு

கடலே இல்லாத ஊரில் கடலடிச் சரிவைப் பார்த்தவள் நான். எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதச் சனிக்கிழமை. அப்போது கடலூரில் தங்கி நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆழ்கடல் தரைக்குள், குளிரிலும் அழுத்தத்திலும் எரிவாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல உறைந்து கிடக்கும். அது உருகினால் வாயு கிளம்பும், மேலே கிடக்கும் சேறு பிடி விட்டுச் சரியும், கடல் பொங்கும். இதையே ஆய்வுக்கு எடுக்க எனக்கு அப்படி ஒரு ஆசை. பேராசிரியர் நம்பவில்லை. "நிலநடுக்கம் இல்லாமல் சரியுமா? திங்கட்கிழமை கண்ணெதிரே காட்டு, கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் வேறு தலைப்பு பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

நல்ல களிமண்ணுக்கு விருத்தாசலம்தான். அங்கே ஒரு பீங்கான் பட்டறைக்கு, மண் தயாராக இருக்கட்டும் என்று முன்பே கார்டு போட்டிருந்தேன். கடலூர் முதுநகரில் காலை பாசஞ்சர் ரயில் ஏறினேன். 57 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மடியில் சாக்கு சுற்றிய கண்ணாடித் தொட்டி. எதிரே இருந்தவர், "மீனு வளக்கிறீங்களா?" என்று கேட்டார். கடலையே வளர்க்கிறேன் என்றேன். அதன்பிறகு அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜங்ஷனிலிருந்து ரிக்‌ஷாவில் கால் மணி நேரம். பட்டறையில் மண் பிசையும் வேலை கொளஞ்சியக்காவுக்கு. எனக்கான மண்ணை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். தெருவில் போன வண்டியில் எலுமிச்சை குச்சி ஐஸ் பத்து வாங்கி நொறுக்கினேன். தொட்டியில் ஐஸைப் பரப்பி, ஆப்பசோடாவைத் தூவி, மேலே மண்ணைச் சரிவாக அப்பி, தண்ணீர் ஊற்றினேன். ஐஸ் உருகியதும் எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்து வாயு கிளம்பும் என்பது என் கணக்கு.

அரை மணி நேரம் ஆயிற்று. ஓரத்தில் நாலு குமிழி வந்தது. மண் சுவர் மாதிரி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொளஞ்சியக்கா என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, மண்ணு நல்லாத்தானே இருக்குது? காத்து இருந்தா சூளையில வெடிச்சிடும்னு ரெண்டு தரம் மிதிச்சு வச்சேனே."

அப்போதுதான் புரிந்தது. எதற்கு என்று நான் கார்டில் எழுதவே இல்லை. "இது சூளைக்கு இல்லக்கா. கடலடி மண்ணு மாதிரி வேணும். அது சரியறத எங்க சாருக்குக் காட்டணும்."

"கடலுக்கு அடியில யாரு மிதிக்கப் போறாங்க? அப்ப இது ஆகாது" என்றவர், களிமண்ணைக் கரைத்து வைக்கும் தொட்டியின் அடியில் தானாகப் படிந்திருந்த சேற்றை வழித்துக்கொண்டு வந்தார். நான் மறுபடி வாங்கி வந்த ஐஸை எடுத்ததும் கையைத் தடுத்தார். "நடுவுல ஒரு பலகையை வச்சு, அந்தப் பக்கம் ஐஸ் போடாம வையி. இல்லாட்டி என் மண்ணு மட்டம்னு சொல்லிடுவாரு உங்க சாரு."

பன்னிரண்டாவது நிமிடம் சேறு லேசாக உப்பியது. குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. சரிவு மொத்தமும் வழுக்கிக்கொண்டு இறங்க, தண்ணீர் விளிம்பைத் தாண்டி எங்கள் இருவர் மீதும் கொட்டியது. நான் குதித்தே விட்டேன். கொளஞ்சியக்கா நனைந்த முந்தானையைப் பிழியக்கூட மறந்து, பலகைக்கு மறுபக்கம் நின்ற மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கல்லூரியில் அதே சேறு, நடுவில் அதே பலகை, முதுநகர் ஐஸ். தண்ணீர் இந்த முறை பேராசிரியரின் வேட்டியில் கொட்டியது. உதறிக்கொண்டே, "மண் மட்டமானதாக இருக்கும்" என்றார். நான் பலகைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அதே மண், அசையாமல் நின்றது. வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, ஈரக் கையோடு பேனா கேட்டார்.

எலுமிச்சை ஐஸ் உண்மையான கடலடி உறைவாயு ஆகாது. அதற்குப் பிறகு நான் படித்தது நிறைய. விருத்தாசலத்துக்கு மண் வாங்கப் போகிறவர்கள் காலை வண்டியிலேயே போங்கள், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், எதற்கு மண் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் மண்ணை மட்டும் குறை சொல்லாதீர்கள். கொளஞ்சியக்காவுக்கு இருந்த அந்த ரோஷம்தான் எனக்குக் கையெழுத்து வாங்கித் தந்தது.