அர்மெலின் விடைத்தாள்

"நகத்தப் பாருடி, நகத்த!"

திரையில் ஒரு சலவைக்காரி அழுதுகொண்டிருக்கிறாள். அர்மெல் என் முழங்கையை இடிக்கிறார். "பத்து வருஷம் சோடாவுல துணி அலசின கையாம் அது! பியானோ வாசிக்கிற கை." பின்வரிசை சிரிக்கிறது. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

வியாழன் பிற்பகல் எங்களுக்கு நவீன பிரெஞ்சு இலக்கியமும் திரைப்படமும். எனக்கு இருபது வயது. பக்கத்து இருக்கை அர்மெல் கெர்சோவுக்கு ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருடம் நின்ற பெண்மணி. ஆலையை மூடியதும் கல்லூரியில் வந்து சேர்ந்துவிட்டார். நாவலை இரண்டாக மடித்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு வருவார். பக்கமெல்லாம் உப்பு வெண்ணெய்க் கறை. பொறுக்காத வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'போடா' என்று எழுதியிருக்கும்.

இந்தப் பருவத்துக்கு எங்கள் பாடப்பொருள் மௌனம். படித்த நான்கு நாவல்களிலும் ஏழைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். "இவங்க வாயத் தொறந்தா அச்சுக்கூலி ஏறிடுமோ?" என்றார் அர்மெல்.

கடைசியாகப் போட்டது முப்பது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். மீன் ஆலையில் வரிசையாகப் பெண்கள். நான்கு நிமிடம் ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. "பேச்சைப் பறிகொடுத்த உழைப்பாளியின் மௌனம்" என்றார் பேராசிரியர் வில்னோ அம்மையார். எல்லோரும் குறித்துக்கொண்டோம். அர்மெல் மட்டும் எழுதவில்லை. கழுத்துவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

தேர்விலும் அந்தக் காட்சியே வந்தது. வகுப்பில் கேட்டதை அப்படியே திருப்பி எழுதினேன், இருபதுக்குப் பதினான்கு. அர்மெலுக்கு ஏழு. தேறுவதற்குப் பத்து வேண்டும்.

விடைத்தாளைக் காட்டும் நாளில் நானும் கூடப் போனேன். அவர் எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம்தான்: 'ஆலையில் நாங்கள் ஒருநாளும் வாய் மூடியதில்லை. பாடுவோம், வம்பளப்போம், மேஸ்திரியைத் திட்டுவோம். படம் எடுக்க வந்தவர்தான் யாரும் பேசக் கூடாது, அப்போதுதான் உருக்கமாக இருக்கும் என்றார். அந்த மௌனம் எங்களுடையது அல்ல, அவருடையது.'

கீழே சிவப்பு மையில்: 'ஆதாரம் இல்லை. சொந்த அபிப்பிராயம்.'

அந்தப் படத்தைப் பற்றி ஒரு புத்தகத்தில் யாரோ எழுதிய வரியை மேற்கோள் காட்டியதற்கு எனக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்திருந்தது. எழுதியவர் மீன் ஆலைக்குள் கால் வைத்திருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம்," என்றார் வில்னோ அம்மையார், கனிவாகவே. "ஆனா இதை எங்க படிச்சீங்கன்னு போடலையே?"

"படிக்கல. நான் அங்க இருந்தேன்."

"ஆலையில இருந்தீங்க, சரி. அது அனுபவம். இந்தப் படத்தைப் பத்தி யாராவது எழுதின ஆதாரம் வேணும். அதுவுமில்லாம மார்க்கு குழுவுல முடிவாயிடுச்சு, இனி மாத்த முடியாது. செப்டம்பர்ல திரும்ப எழுதுங்க."

"மார்க்கு கேட்டு வரலங்க. அந்தப் படத்தக் கொஞ்சம் போடுங்க."

அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கணினித் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிப் படத்தைப் போட்டார். அதே பெண்கள், அதே தொப்பிகள், அதே குனிந்த தலைகள். கேமரா மெல்ல நகர்ந்தது. மூன்றாவது மேஜையில் ஒருத்தி மீனை வெட்டிக்கொண்டே ஒரு கணம் நிமிர்ந்தாள்.

அர்மெல் விசையைத் தட்டிப் படத்தை நிறுத்தினார். அம்மையாரின் மேஜையைச் சுற்றிப் போய்க் குனிந்து, திரையில் நின்றுபோன அந்த முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்தார். நரைத்த முடியை இரண்டு கையாலும் இழுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு, வில்னோ அம்மையாரை நிமிர்ந்து பார்த்தார்.